பார்த்ததைச் சொன்னவள்

எந்தப் பிள்ளை அழுகிறது என்று மாலதி திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். தும்பிமலை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். ஆபீசில் அந்த இடத்தை 'கிரஷ்' என்பார்கள். மாலதிக்கு அது இன்னும் 'புள்ளக்காம்பரா'தான். இலங்கைத் தோட்டத்தில் அவளுடைய அம்மா அவளை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போன அறைக்கு அதுதான் பெயர். ஊர் மாறி நாற்பது வருஷம் ஆன பிறகும் அந்தச் சொல்லை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒன்பது வயதில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள் அவள். மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு குடும்பத்தோடு நீலகிரிக்கு வந்து சேர்ந்தாள். இலங்கையில் அவர்களை 'இந்தியாக்காரங்க' என்றார்கள். இங்கே 'சிலோன்காரங்க' என்றார்கள். ஜங்ஷனில் யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் முதலில் சிலோன்காரர்கள் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான் தேடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் அவளோடு ஒரே கப்பலில் வந்த செல்விக்கும் கடைசி பெஞ்சு. வருஷங்கள் போகப் போக அந்தப் பேச்சு தேய்ந்தது. தேய்ந்ததே தவிர அழியவில்லை.

எஸ்டேட் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட, தேயிலை பறிக்க ஆள் கிடைக்காமல் ஜார்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஓடைக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த பழைய லயத்தை அவர்களுக்குக் கொடுத்தார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். கக்கூசுக்குக் கதவு கிடையாது. கூலியும் மற்றவர்களைவிடக் குறைவு. அவர்கள் வந்து இறங்கிய பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. சிலோன்காரர்கள் உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். கோழி காணாமல் போனால் தேடுவதற்கு இப்போது வேறு லயம் இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி சோம்வாரி. கணவன் பெயர் பிர்சா. ஒரு நாள் காலையில், முதுகில் துணியால் கட்டிய பெண் குழந்தையோடு சோம்வாரி புள்ளக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, திரும்பியும் போகவில்லை. மாலதி கையை நீட்டினாள். குழந்தை அவளிடம் வந்துவிட்டது.

"பேரு என்ன?"

"குடியா," என்றாள் சோம்வாரி.

மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் டம்ளரைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோய், "குடியா, குடி" என்றாள். என்ன வேடிக்கை என்று புரியாவிட்டாலும் சோம்வாரியும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் மாலதியை 'தீதி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர்கள் பாஷையில் அக்கா என்று அர்த்தம்.

மற்ற தாய்மார்களுக்கு இது பிடிக்கவில்லை. இந்திக்காரப் பிள்ளைகளோடு படுக்க வைத்தால் சொறி வரும் என்றார்கள். விஷயம் மேனேஜர் ராஜசேகர் வரைக்கும் போனது. கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"ஏனுங்க மாலதிம்மா, கிரஷ் பர்மனென்ட் ஆளுங்க கொழந்தைங்களுக்குத்தானுங்களே?"

"அப்ப இந்தப் புள்ளய எங்க சார் விடச் சொல்றீங்க? தேயிலைக்குள்ளயா? போன வாரம்தான் சிறுத்த வந்து நாயத் தூக்கிட்டுப் போச்சு."

ராஜசேகர் கொஞ்ச நேரம் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செரி, நான் பாக்கலீன்னு வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அது ஒரு விதத்தில் உதவிதான் என்று மாலதி எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் அந்த வீடியோ எல்லோருடைய போனிலும் வந்தது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் மலைக்குள் நுழைந்திருக்கிறது, உஷார் என்று யாரோ ஒருவர் பதற்றமான குரலில் பேசியிருந்தார். எந்த ஊரில் எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். மாலதியின் கணவன் இசக்கிமுத்து, தேயிலை பேக்டரியில் வேலை பார்ப்பவர், அவளிடமே காட்டி, "சூதானமா இரு, உன் பொறுப்புல அத்தன புள்ளைங்க இருக்கு," என்றார். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கதவைத் தாழ்போட்டே வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குன்னூருக்குப் போய்விட்டு மத்தியானம் பஸ்சில் திரும்பினாள். ஜங்ஷனில் இறங்கும்போதே ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் கூட்டமாக இருந்தது. ஏதோ விபத்து என்று நினைத்துக்கொண்டு தன் வழியே நடக்கத் தொடங்கினாள். அப்போதுதான் அந்த அழுகை கேட்டது. காய்ச்சல் வந்த பிள்ளை அழுகிற அழுகை, மூச்சு விட்டு மூச்சு விட்டு. அது குடியாவின் குரல்.

பையைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். நிழற்குடையின் இரும்புத் தூணில் பிர்சாவைக் கட்டியிருந்தார்கள். சாமான் ஆட்டோவில் மூட்டை கட்டுகிற நைலான் கயிறு. ஒரு கண் மூடிப்போயிருந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை. "மேரி பேட்டி, மேரி பேட்டி" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மகள், என் மகள் என்று. கூட்டத்தில் யாருக்கும் அது புரியவில்லை. இத்தனை இந்திப் பாட்டு போனில் கேட்கிறவர்கள்தான். ஒருவருக்குமா புரியவில்லை என்று பிற்பாடு மாலதி பல தடவை யோசித்திருக்கிறாள்.

நடந்தது இவ்வளவுதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிர்சா அவளை ஜங்ஷன் டாக்டரிடம் தூக்கி வந்திருக்கிறான். ஊசி போட்ட வலியில் அவள் வீறிட்டு அழ, பஸ்சுக்கு நின்ற பெண்கள் யார் குழந்தை என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குப் பதில் சொல்லத் தமிழ் வரவில்லை. பயந்துபோய் வேகமாக நடந்திருக்கிறான். வேகமாக நடந்ததே போதுமான சாட்சியாகிவிட்டது.

குடியா யாரோ ஒரு பெண்ணின் இடுப்பில் திமிறிக்கொண்டிருந்தாள். மாலதியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். மாலதி அவளை வாங்கிக்கொண்டு தூணுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இது எங்க புள்ளக்காம்பராப் புள்ள. இவன்தான் இதுக்கு அப்பன்."

அவளுக்கு முன்னால் கையில் கட்டையோடு நின்றவன் டெனின். ஆட்டோ ஓட்டுகிறவன், செல்வியின் மகன். கைக்குழந்தையாக இருந்தபோது அவனைத் தூளியில் போட்டு ஆட்டியவள் மாலதி.

"சித்தி, நீங்க ஒதுங்குங்க. உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத்தான்டா தெரியும். தினம் பாக்குறேன்."

"சிலோன்காரிதான, அவளும் கூட்டா இருப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டெனினின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் சூடு நெஞ்சில் கொதித்தது. டெனின் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு கட்டை தாழ்ந்தது. கூட்டம் ஒரேயடியாகக் கலையவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் முதலில் நழுவினார்கள், அப்புறம் மற்றவர்கள். கடைசியில் கயிற்றை அவிழ்க்க ஆளில்லை. டீக்கடை மாரப்பன்தான் கத்தியைக் கொண்டுவந்து அறுத்துவிட்டார்.

வந்த போலீஸ்காரர் முதலில் பிர்சாவிடம் ஆதார் கார்டு கேட்டார். அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. மாலதிதான் பேசிப் பேசி அவனை முதலில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வைத்தாள். கண் பிழைத்துக்கொண்டது. இடது காது போய்விட்டது.

போலீஸ் விசாரணை தொடங்கிய சில நாட்களில் ஒரு காரியம் தெளிவானது. அன்று ஜங்ஷனில் அத்தனை பேர் இருந்தும் யாருமே அங்கே இல்லை. காய்கறிக் கடைக்காரர் சரக்கு எடுக்க மேட்டுப்பாளையம் போயிருந்தாராம். டாக்டரிடம் மருந்து கொடுக்கிற பெண் உள்ளே இருந்தாளாம். மாரப்பன் கயிற்றை அறுத்தது உண்மைதான், ஆனால் கட்டியவர்களைப் பார்க்கவில்லையாம். ஊரே சேர்ந்து பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது போலிருந்தது.

ராஜசேகர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தக் குடும்பத்தைச் சொந்த ஊருக்கே அனுப்பிடலாமுன்னு பாக்கறமுங்க. ரயில் டிக்கெட், கையில கொஞ்சம் காசு, எல்லாம் எஸ்டேட்டே குடுத்துரும். அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"அவங்க போறேன்னு சொன்னாங்களா சார்?"

"கேக்கோணும்," என்றார்.

மாலதியே போய்க் கேட்டாள். பிர்சா தலையில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சோம்வாரி தெரிந்த தமிழில் சொன்னாள்: "தீதி, போனா, பிர்சா திருடன். இருந்தா, பிர்சா நல்ல ஆளு. நான் இருக்கும்." அவ்வளவு குறைந்த சொற்களில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று மாலதிக்குத் தோன்றியது.

செல்வி அன்று சாயங்காலமே வந்தாள். நாற்பது வருஷ சிநேகிதி, எப்போதும் நேரே அடுப்படிக்கு வந்து உட்காருகிறவள், அன்று வாசற்படியிலேயே நின்றாள்.

"மாலதி, ஸ்டேஷன்ல கேட்டா அவன் பேர மட்டும் சொல்லாத. பத்துப் பேர் இருந்தாங்க. நீ யாரு பேர வேணும்னாலும் சொல்லு. என் புள்ள பேரு வேணாம்."

"கட்ட அவன் கையிலதான்டி இருந்துச்சு."

"அவன் கெட்டவனா? நீ சொல்லு. நீ தூக்கி வளத்த புள்ள."

டெனின் கெட்டவன் இல்லை. பிரசவத்துக்குப் போகிற எந்தப் பெண்ணிடமும் ஆட்டோவுக்குக் காசு வாங்காதவன். மறுநாள் அவனே வந்தான்.

"சித்தி, நான் அந்தக் கொழந்தையக் காப்பாத்தணும்னுதான் அடிச்சேன். சத்தியமா."

"தெரியும்டா."

"அவன்கிட்டக் கேட்டேன் சித்தி. யாரு கொழந்தன்னு கேட்டேன். பதிலே சொல்லல."

"சொல்லிக்கிட்டேதான்டா இருந்தான். உனக்குத்தான் புரியல. புரியாததுக்கா அடிச்ச?"

அவன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான்.

இசக்கிமுத்து சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தார். "சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனா நாளைக்கு நமக்கு ஒரு சாவு விழுந்தா தூக்குறதுக்கு அந்த நாலு பேருதான் வரணும். ஜார்கண்டுலேர்ந்து யாரும் வர மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பல வருஷமாக நினைக்காத ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். இலங்கையில் பதுளை டவுன், கலவர வருஷம். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்சுக்கு நிற்கிறாள். திடீரென்று ஆட்கள் ஓடி வருகிறார்கள். மாமாவை அவள் கையிலிருந்து பிடுங்கி இழுத்துப்போகிறார்கள். எதிரே ஒரு பேக்கரி. அந்தக் கடைக்காரர் அவளுக்குத் தெரிந்தவர். போகும்போதெல்லாம் கன்னத்தைத் தட்டி ஒரு பணிஸ் பன் கையில் கொடுப்பார். அவள் அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு கையை எட்டி, கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டார். மாமா ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் கப்பலேறினார். அவரை அடித்தவர்கள் ஒருவர் முகம்கூட மாலதிக்கு நினைவில்லை. அந்தக் கடைக்காரரின் முகம் மட்டும் மூக்கருகே இருந்த மருவோடு நினைவிருந்தது. அவரும் நல்ல மனிதர்தான். அவருக்கும் அங்கேயே பிழைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். யார் கையில் கட்டை, யார் கயிற்றைப் பிடித்தது, யார் போனில் படம் எடுத்தது. டெனினின் பெயரைச் சொல்லும்போது அப்பா பெயர், வீடு எது என்று கேட்டார்கள். அதையும் அவளே சொன்னாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. இரண்டு பஸ்சை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

டெனினையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டுபோய்ச் சில வாரம் உள்ளே வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். அதற்குப் பிறகு லயத்தில் மாலதியோடு யாரும் சண்டைக்கு வரவில்லை. பேசவும் இல்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். கோயில் திருவிழா வரி வாங்க வந்தவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். புள்ளக்காம்பராவில் தூளிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. பிள்ளைகளைப் பாட்டிகளிடம் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கீழ் லயத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். இசக்கிமுத்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் பேக்டரியில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்பது அவருடைய டிபன் பாக்சைக் கழுவும்போது அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் அதில் அடுத்தவர் வீட்டுக் கூட்டும் பொரியலும் ஒட்டியிருக்கும்.

இப்படியே கழிந்த ஒரு வருஷத்தில், தான் செய்தது சரிதானா என்று அவள் யோசிக்காத நாள் இல்லை. சரி என்றே ஒவ்வொரு நாளும் முடிவுக்கு வந்தாள். வந்த பிறகும் மனது ஆறவில்லை.

முதலில் இறங்கி வந்தவள் டெனினின் மனைவி ரேகா. அவளுக்கு வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலைமை. ஆட்டோவை விற்றாகிவிட்டது, செல்விக்கு மூட்டுவலி. ஒரு காலையில் மகனைத் தூக்கிவந்து வாசலில் இறக்கிவிட்டாள். மாலதியின் முகத்தைப் பார்க்காமல், "இப்பத்தான் கஞ்சி குடிச்சான். பத்து மணிக்கு மேல பால் குடுங்க," என்றாள்.

"செரி," என்றாள் மாலதி. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ரேகா வந்ததைப் பார்த்து மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். செல்வி மட்டும் இன்றுவரை வரவில்லை.

கோர்ட்டில் அவளைக் கூண்டில் ஏற்றி எதிர்த்தரப்பு வக்கீல் நிறையக் கேட்டார். கண் சரியாகத் தெரியுமா, கூட்டத்தில் எப்படி அடையாளம் தெரிந்தது, முன்பகை உண்டா என்று. கடைசியாக, "நீங்களும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறினவங்கதானே?" என்றார்.

"ஆமாங்க," என்றாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. "நான் பார்த்ததத்தான் சொன்னேன். எங்கேருந்து வந்தேன்ங்கிறதுக்கும் அதுக்கும் என்னங்க?"

பிர்சாவிடம் வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டபோது அவன் ஒன்றைத்தான் கேட்டான். யாரும் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்றில்லை, அதே ஜங்ஷனில் எல்லோர் முன்னாலும் நான் திருடன் இல்லை என்று ஒருவர் சொன்னால் போதும் என்றான். மொழிபெயர்த்தவர் அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது. டெனினுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்துவிட்டு வெளியே இருக்கிறார்கள். டெனின் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேன் ஓட்டுகிறான். மாதம் ஒரு தடவை வந்துபோகிறான்.

காது போனதிலிருந்து பிர்சாவுக்குச் சரிவில் நின்றால் தலை சுற்றுகிறது. ராஜசேகர் அவனைப் பேக்டரிக்கு மாற்றிக்கொடுத்தார். இலை உலர்த்துகிற மாடியில் வேலை. அங்கே அவனுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறவர் இசக்கிமுத்து. இப்போது அவர்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். டிபன் பாக்சில் கடுகெண்ணெய் வாசனை வருகிறது. மாலதிக்கு அந்த வாசனை பிடிக்காது. இருந்தும் அதை முகம் சுளிக்காமல் கழுவி வைக்கிறாள்.

ஆனால் பிர்சா ஜங்ஷனுக்குப் போவதில்லை. பஸ் பிடிக்க வேண்டுமென்றால் தேயிலைக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடக்கிறான். குடியாவை வெளியில் தூக்கிக்கொண்டு போவதே இல்லை. "என்கூட வா, நான் இருக்கேன்," என்று மாலதி ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டான். அவள் மறுபடி கூப்பிடவில்லை. தைரியம் சொல்வது சுலபம், கட்டுண்டு நின்றவன் அவன் அல்லவா?

போன மாதம் குடியாவுக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் சோம்வாரிக்குப் பறிக்கிற வேலை இருந்தது. மாலதிதான் ஜங்ஷன் டாக்டரிடம் தூக்கிப்போனாள். குழந்தை இப்போது நன்றாக வளர்ந்து கனக்கிறாள், தமிழும் சரளமாகப் பேசுகிறாள். மருந்து வாங்கிக்கொண்டு நிழற்குடையில் பஸ்சுக்கு நின்றபோது பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி குழந்தையின் தலையைத் தடவினாள்.

"யாரு கொழந்தைங்க? ஒங்க பேத்திங்களா?"

"இல்லீங்க. பிர்சாவோட புள்ள."

"எந்தப் பிர்சா?"

மாலதி குரலைத் தாழ்த்தவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்கும் டீக்கடைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "இதே எடத்துல திருடன்னு கட்டி வெச்சு அடிச்சாங்களே, அந்தப் பிர்சாங்க. அவன் திருடன் இல்ல. இது அவன் பெத்த புள்ள. ஊசி போடக் கூட்டிட்டு வந்தான்."

அந்த அம்மாள் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆமாங்க, ஊசி போடத்தான் வந்தான். டாக்டரு வீட்டுலேருந்து எறங்கி வந்தத நானே பாத்தேன்," என்று அந்த அம்மாளிடம் சொன்னார். கோர்ட்டில் சொல்லியிருக்க வேண்டியதை வெகு தாமதமாக, சம்பந்தமில்லாத ஒருத்தியிடம் சொன்னார். பஸ் வந்தது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளும் ஏறினாள்.